இங்கிலீஷ் வொகாபுலரிய அடுத்த லெவலுக்கு கொண்டு போறது எப்படி? அடிக்கடி வர்ற கேள்விகளும் பதில்களும்

ஓரளவு இங்கிலீஷ் வரும், ஆபீஸ் மெயில் எழுதிடுவேன், மீட்டிங்ல சமாளிச்சிடுவேன், ஆனா ஒரு எடிட்டோரியல் படிச்சா நாலு வரிக்கு ஒரு தடவை முட்டிக்கிட்டு நிக்குது, எழுத உக்காந்தா குட், வெரி குட், நைஸ், இம்பார்ட்டன்ட் தாண்டி ஒண்ணும் வரமாட்டேங்குதுன்னு சொல்றவங்களுக்காக எழுதுனது இது. அடிப்படையிலேர்ந்து ஆரம்பிக்கிறவங்களுக்கு இது இப்போதைக்கு வேணாம். ஐஈஎல்டிஎஸ், ஜிஆர்ஈன்னு வெளிநாட்டுப் படிப்புக்கான எக்ஸாம் எழுதுற பசங்களுக்கு கிளாஸ் எடுக்கிறதால திரும்பத் திரும்ப இதே கேள்விங்கதான் வருது, அதான் ஒரே எடத்துல போட்டுடலாம்னு.

அட்வான்ஸ்டுன்னு சொல்லிக்க மொத்தம் எத்தனை வார்த்தை தெரிஞ்சிருக்கணும்?

இதுக்கு ஓரளவு நம்பக்கூடிய கணக்கு ஒண்ணு இருக்கு. நியூசிலாந்துல வெலிங்டன் யுனிவர்சிட்டில இருந்த பால் நேஷன்ங்கிற ஆய்வாளர் 2006-ல போட்டது. நாவல், நியூஸ்பேப்பர் மாதிரி விஷயத்தை டிக்ஷனரி தொடாம படிக்க 8,000-லேர்ந்து 9,000 வார்த்தைக் குடும்பம் தேவைப்படும், பேச்சைக் கேட்டுப் புரிஞ்சிக்க 6,000, 7,000 போதும்னு சொன்னாரு. குடும்பம்னா ஹெல்ப், ஹெல்ப்ஃபுல், ஹெல்ப்லெஸ் எல்லாம் சேந்து ஒண்ணு, தனித்தனியா எண்ணக்கூடாது. அவரு வெச்ச அளவுகோல் 98 சதவீதம், அதாவது 50 வார்த்தைக்கு ஒண்ணுதான் தெரியாததா இருக்கணும். 95 சதவீதம்னா 20-க்கு ஒண்ணு தெரியாது. கேக்க பெரிய வித்தியாசமா தெரியாது, ஆனா படிச்சுப் பாருங்க, ஒண்ணுல கதை ஓடும், இன்னொண்ணுல ஒவ்வொரு வரியும் மல்லுக்கட்டு.

ஆத்தாடி 9,000-மா? எதுலேர்ந்து ஆரம்பிக்கிறது?

பயப்படாதீங்க, பாதி வேலை ஏற்கனவே முடிஞ்சிருக்கும். இங்கிலீஷ்ல அடிக்கடி வர்ற 2,000 வார்த்தைய மைக்கேல் வெஸ்ட்ங்கிறவரு 1953-ல பட்டியலா போட்டாரு, அவரு அந்தக் காலத்து வங்காளத்துல டாக்கால வாத்தியாரா வேலை பாத்தவரு, நம்ம ஊர் மாதிரி பசங்களை வெச்சுதான் இந்தச் சிந்தனையே அவருக்கு வந்துச்சு. அதெல்லாம் உங்களுக்குத் தெரிஞ்சதுதான். அதுக்கு மேல படிப்பு சம்பந்தமா வர்ற 570 குடும்பத்தை ஏவரில் காக்ஸ்ஹெட்னு ஒருத்தங்க 2000-ல தொகுத்தாங்க. அனலைஸ், அஸ்யூம், கான்ட்ராஸ்ட், இம்ப்ளை, சிக்னிஃபிகன்ட் மாதிரி வார்த்தைங்க. யுனிவர்சிட்டி பாடப் புத்தகத்துல 10 வார்த்தைக்கு ஒண்ணு இந்த 570-லேர்ந்துதான் வருது. இந்தப் பட்டியல் நெட்ல ஃப்ரீயா கெடைக்குது, ஒரு தடவை ஓட்டிப் பாருங்க. முக்கால்வாசி தெரிஞ்ச மாதிரி இருக்கும், ஆனா அதை வெச்சு ஒரு வாக்கியம் சொல்லுங்கன்னா தடுமாறுவீங்க. அந்தத் தடுமாற்றத்தைத்தான் மொதல்ல சரி பண்ணணும், புது வார்த்தை அப்புறம்.

அதுக்கப்புறம் 3,000-க்கும் 9,000-க்கும் நடுவுல இருக்கிறதுதான் உண்மையான அட்வான்ஸ்டு ஏரியா. ரிலக்டன்ட், மிட்டிகேட், அம்பிகுவஸ், டெட்ரிமென்டல், ப்ளாஸிபிள், இந்த ரகம். எடிட்டோரியல்ல, நல்ல மேகஸின்ல, நாவல்ல திரும்பத் திரும்ப வரும், ஆனா தினசரி பேச்சுல அவ்ளோவா காதுல விழாது.

சசி தரூர் மாதிரி வார்த்தை எல்லாம் எப்போ கத்துக்கிறது?

தேவையே இல்ல. 2017 மே மாசம் அவரு ஃபராகோன்னு ஒரு வார்த்தைய ட்வீட்ல போட்டதும் ஊரே டிக்ஷனரியத் தேடி ஓடுச்சு, அடுத்த வருஷம் ஃப்ளாக்ஸிநாஸினிஹிலிபிலிஃபிகேஷன்னு 29 எழுத்துல ஒண்ணு எறக்குனாரு. அவருக்கு அது ஒரு வெளையாட்டு, ஜனங்களும் ரசிச்சாங்க, நல்லதுதான். ஆனா அவரோட பேச்சை முழுசா கேட்டா அதுல 99 சதவீதம் சாதாரண வார்த்தைதான், சரியான எடத்துல சரியான வார்த்தை உக்காந்திருக்கும், அவ்ளோதான். அதை விட்டுட்டு ஃபராகோவை மட்டும் தூக்கிட்டு வந்தா காலேஜ்ல பீட்டர் விடுறான்னு ஓட்டுவாங்க, ஆபீஸ்ல மூஞ்சிக்கு நேரா சொல்ல மாட்டாங்க, ஆனா மெயிலைப் படிக்க மாட்டாங்க. ஒரு வார்த்தை கத்துக்கத் தகுதியானதான்னு தெரியணும்னா, ஒரு மாசத்துல நீங்க படிக்கிறதுல ரெண்டு தடவையாவது எதிர்ல வந்துச்சான்னு பாருங்க. வரலன்னா விட்டுடுங்க, பாவம் அது பாட்டுக்கு இருக்கட்டும்.

எந்த டிக்ஷனரி நல்லது? இங்கிலீஷ்-தமிழ் போதுமா?

ஆரம்பத்துல போதும், இந்த லெவல்ல பத்தாது. ரிலக்டன்ட்னு தேடுனா தயக்கமானன்னு போட்டிருக்கும், ஹெசிடன்ட்னு தேடுனாலும் தயக்கமானன்னுதான் வரும், அப்போ ரெண்டும் ஒண்ணுன்னு நெனச்சிடுவோம். ஹெசிடன்ட்னா இன்னும் முடிவு பண்ணல, செய்யலாமா வேணாமான்னு ஒரு தடுமாற்றம். ரிலக்டன்ட்னா மனசுக்குப் பிடிக்கல, ஆனாலும் கடைசில பெரும்பாலும் செஞ்சிடுவாங்க, மாமியார் வீட்டு விசேஷத்துக்குக் கெளம்புற மாப்பிள்ளை மாதிரி. அன்வில்லிங்னா கெளம்பவே மாட்டாரு. இந்த வித்தியாசம் லேர்னர்ஸ் டிக்ஷனரிலதான் பிடிபடும், அதாவது இங்கிலீஷ் தாய்மொழியா இல்லாதவங்களுக்குன்னே எழுதுன டிக்ஷனரி. லாங்மேன்ல வெளக்கத்தை எல்லாம் ஒரு 2,000 எளிய வார்த்தைக்குள்ளயே எழுதியிருப்பாங்க, ஆக்ஸ்ஃபோர்டு லேர்னர்ஸ், கேம்பிரிட்ஜ் ரெண்டும் நல்லா இருக்கும், மூணுமே ஆன்லைன்ல ஃப்ரீ. அர்த்தத்தைப் பாத்துட்டு மூடிடாதீங்க, கீழ இருக்கிற உதாரண வாக்கியம்தான் சரக்கே.

சினனிம் லிஸ்ட் மனப்பாடம் பண்றேன், ஹேப்பிக்கு பதிலா பத்து வார்த்தை தெரியும். இது சரியா?

ரெண்டு காரணத்துக்காக வேணாம்னு சொல்வேன். ஒண்ணு, ஒரே மாதிரி அர்த்தம் உள்ள வார்த்தைங்கள ஒரே நேரத்துல படிச்சா ஒண்ணோட ஒண்ணு கொழம்பும். இதை 1990-கள்லயே சோதிச்சுப் பாத்திருக்காங்க, சம்பந்தமே இல்லாத வார்த்தைங்கள ஒண்ணா படிச்சவங்களுக்கு சீக்கிரம் வந்துச்சு, ஒரே கூட்டத்து வார்த்தைங்கள ஒண்ணா படிச்சவங்களுக்கு லேட்டாச்சு. தீசாரஸைத் தொறந்து பத்து வார்த்தைய ஒரே மூச்சுல முழுங்குறது மண்டைக்கு நல்லா இருக்கும், மனசுல நிக்காது.

ரெண்டாவதுதான் பெரிய விஷயம். ஒரு வார்த்தைக்கு அர்த்தம் மட்டும் இல்ல, சேர்மானமும் உண்டு. காஸ்னு ஒரு சாதாரண வார்த்தைய எடுத்துக்குங்க, காரணமா இருக்கிறதுன்னு நமக்குத் தெரியும். ஆனா இங்கிலீஷ்காரங்க அதை பெரும்பாலும் கெட்ட விஷயத்துக்குத்தான் போடுவாங்க: காஸ் டேமேஜ், காஸ் டிலே, காஸ் பெயின். சந்தோஷத்துக்கு காஸ் போட்டா இலக்கணம் தப்பில்ல, ஆனா காதுல இடிக்கும், அங்க ப்ரிங் வரணும். தமிழ்லயும் இது இருக்கே, விபத்து நேர்ந்துச்சுன்னு சொல்லுவோம், என் தங்கச்சிக்கு கல்யாணம் நேர்ந்துச்சுன்னு சொன்னா மாப்பிள்ளை வீட்டுக்காரங்க சும்மா விடுவாங்களா? அது யாரும் நமக்கு சொல்லிக் குடுக்கல, கேட்டுக் கேட்டு வந்தது. அட்டர்லி இதே கதைதான், அட்டர்லி ரிடிகுலஸ், அட்டர்லி யூஸ்லெஸ்னு மட்டமான பக்கமே சாயும். மழைக்கு ஹெவி, காத்துக்கு ஸ்ட்ராங், தூக்கத்துக்கு டீப் ஸ்லீப், தூங்குறவனுக்கு ஹெவி ஸ்லீப்பர். அதனால நோட்ல வார்த்தைய தனியா எழுதாதீங்க, அது யாரோட சுத்துதோ அவங்களோட சேத்து எழுதுங்க. டெட்ரிமென்டல்னு எழுதாம டெட்ரிமென்டல் டு ஹெல்த்னு எழுதுங்க, ப்ரிபொசிஷனும் அப்படியே சேந்து வந்துடும், தனியா அதுக்கு ஒரு கிளாஸ் போக வேண்டாம்.

படிக்கும்போது புரியுது, பேசும்போது அந்த வார்த்தை வரவே மாட்டேங்குது. என்ன பண்றது?

எல்லாருக்கும் அப்படித்தான், தாய்மொழிலயே அப்படித்தான். பாத்தா அடையாளம் தெரியறது வேற, உள்ள இருந்து வெளிய எடுக்கிறது வேற. நம்மாளுங்க செய்யற தப்பு என்னன்னா நோட்டைத் திரும்பத் திரும்பப் படிக்கிறது. 2006-ல ரோடிகர், கார்பிக்கேன்னு ரெண்டு ஆய்வாளருங்க அமெரிக்காவுல காலேஜ் பசங்களை வெச்சு ஒரு சோதனை பண்ணாங்க. ஒரு கூட்டம் பாடத்தைத் திரும்பப் படிச்சுது, இன்னொரு கூட்டம் மூடி வெச்சுட்டு ஞாபகத்துலேர்ந்து எழுதுச்சு. அஞ்சு நிமிஷம் கழிச்சு கேட்டப்போ திரும்பப் படிச்சவங்கதான் முன்னாடி, ஒரு வாரம் கழிச்சு கேட்டப்போ மூடி வெச்சு எழுதுனவங்க ஜெயிச்சாங்க. அதனாலதான் திரும்பப் படிச்சா எல்லாம் தெரிஞ்ச மாதிரி ஒரு மெதப்பு வருது, ஒரு வாரத்துல எல்லாம் காலி.

அப்போ எப்படி செய்யணும்னா, தமிழ்ல ஒரு சூழ்நிலையப் போட்டு வார்த்தைய வரவழைக்கணும். உதாரணமா, மேனேஜர் ரெண்டு அர்த்தம் வர்ற மாதிரி பேசிட்டுப் போயிட்டாரு, லீவு குடுத்தாரா இல்லையான்னே தெரியல, இதை இங்கிலீஷ்ல சொல்லு. அம்பிகுவஸ் வாய்ல வரணும். வரலன்னா பத்து செகண்ட் மண்டைய ஒடச்சிக்குங்க, அதுக்கப்புறம் பாருங்க. அந்த பத்து செகண்டைத் தாங்க முடியாம உடனே பாத்துடுறவங்கதான் அதிகம், எனக்கு அதைப் பாத்தாதான் கோவம் வரும். ராத்திரி அன்னிக்கு நடந்ததை ஆறேழு வரி எழுதறப்போ அந்த வாரத்து வார்த்தை ரெண்டு வலுக்கட்டாயமா உள்ள நுழைச்சுடுங்க, செயற்கையா இருந்தாலும் பரவால்ல, உங்க டைரிய யாரு படிக்கப்போறா.

படிச்சதெல்லாம் மறந்து போயிடுதே?

1885-லயே எபிங்ஹவுஸ்னு ஒரு ஜெர்மன்காரரு அர்த்தமே இல்லாத அசைங்கள மனப்பாடம் பண்ணி, தன்னைத்தானே சோதிச்சு, மறதி ஆரம்பத்துல சடார்னு எறங்கும், அப்புறம் மெதுவாகும்னு காட்டிட்டாரு. அதனால மறக்கப்போற நேரம் பாத்து ஞாபகப்படுத்தணும், இடைவெளிய கொஞ்சம் கொஞ்சமா கூட்டணும். 1972-ல லைட்னர்னு ஒருத்தரு இதை அட்டைப்பெட்டில செஞ்சு காமிச்சாரு, பெட்டிக்குள்ள அறை அறையா இருக்கும், சரியா சொன்னா வார்த்தை எழுதுன கார்டு அடுத்த அறைக்குப் போகும், தப்புன்னா திரும்ப முதல் அறை. பின்னாடி அறைங்கள அபூர்வமாதான் தொறப்பீங்க. இன்னிக்கு அதையே அங்கி ஆப் செய்யுது, கம்ப்யூட்டர்லயும் ஆண்ட்ராய்டுலயும் ஃப்ரீ, ஐபோன்ல மட்டும் காசு.

அங்கி போடுறவங்களுக்கு ஒண்ணு. அதுல ஒரு நாளைக்கு 20 புதுக் கார்டுன்னு அவங்களே செட் பண்ணி வெச்சிருப்பாங்க, அதை அஞ்சுக்குக் கொறைச்சிடுங்க. இல்லன்னா மூணாவது வாரம் ரிவ்யூ மலை மாதிரி குவியும், ஆப்பையே டெலிட் பண்ணிடுவீங்க. அடுத்தவங்க செஞ்சு வெச்ச ரெடிமேட் டெக், அதாவது கார்டுக் கட்டும் வேணாம், நீங்க படிச்ச கட்டுரைலேர்ந்து நீங்களே எடுத்த வாக்கியத்தை, வார்த்தை இருக்கிற எடத்தைக் காலியா விட்டுக் கோடு போட்டு, கீழ தமிழ்ல ஒரு துப்பு குடுத்து கார்டா போடுங்க. கார்டு செய்யறதுக்கு ஆகுற நேரம் வேஸ்ட் இல்ல, பாதி மனப்பாடம் அங்கயே ஆயிடும்.

ரூட் வேர்ட்ஸ் படிச்சா ஆயிரக்கணக்குல வார்த்தை வந்துடும்னு சொல்றாங்களே?

கொஞ்சம் வரும். ஸ்பெக்ட்னா பாக்குறது, அதுலேர்ந்து இன்ஸ்பெக்ட், ஸ்பெக்டேட்டர், ரெட்ராஸ்பெக்ட். ஏற்கனவே தெரிஞ்ச வார்த்தைய கொத்தா கட்டி வெக்க நல்ல வழி. ஆனா தெரியாத வார்த்தைய ரூட்டை வெச்சு யூகிக்கப் போனா காலை வாரும். பெடஸ்ட்ரியன்ல இருக்கிற பெட் காலு, பீடியாட்ரிக்ல இருக்கிறது கொழந்தை. இன்ஃப்ளேமபிள்ல முன்னாடி இன் இருக்கு, அதனால தீப்பிடிக்காதுன்னு நெனச்சு பக்கத்துல தீக்குச்சி கிழிச்சிடாதீங்க.

தமிழ் மீடியத்துல படிச்சேன். எனக்கு இது வருமா?

வரும், அதோட உங்ககிட்ட இருக்கிற சரக்கு உங்களுக்கே தெரியாது. எடம் வாங்குன எந்த அப்பாவுக்கும் ஈசி போட்டுப் பாக்கணும்னு தெரியும், ஈசின்னா என்கம்பரன்ஸ் சர்ட்டிஃபிகேட், அந்த என்கம்பரன்ஸ் ஜிஆர்ஈ லிஸ்ட்ல வர்ற வார்த்தை. வில்லங்கம், பாரம். அங்கேர்ந்து ஒரு அடி எடுத்து வெச்சா என்கம்பர்டு வித் டெட், கடன் சுமை தலைமேல இருக்கிறவன். லோன் டிஸ்பர்ஸ் ஆயிடுச்சான்னு பேங்க்ல கேக்குறோம், சூரிட்டி போடுறோம், அட்டெஸ்டேஷன் வாங்குறோம், அரியர் வெச்சிருக்கோம். எல்லாம் கனமான வார்த்தைங்கதான், பழகுனதால கனம் தெரியல. சிலது மட்டும் தமிழுக்குள்ள வந்ததும் கொணம் மாறிடுச்சு, ஃபீல் பண்ணாதடான்னா வருத்தப்படாதேன்னு அர்த்தம், இதை வெள்ளைக்காரன்கிட்ட சொன்னா முழிப்பான். அதுல கவனம்.

தமிழை வெச்சு ஞாபகக் குறுக்குவழியும் கட்டலாம், காதுல விழுற சத்தத்தைத் தெரிஞ்ச வார்த்தையோட முடிச்சு போடுறது. மிட்டிகேட்னா மட்டுப்படுத்துறது, மிட்டி மட்டு, முடிஞ்சுது. மொரோஸ்னா உம்முன்னு இருக்கிறது, மொறைச்சுக்கிட்டே இருக்கான்னு வெச்சிக்குங்க. நேடிர்னா அதலபாதாளம், நாதியத்துக் கெடக்குற நெலமை. கிண்டில்னா தூண்டுறது, கிண்டல் பண்ணா கோவம் கிண்டில் ஆகும். அசட்டுத்தனமா இருக்கும், ஆனா எவ்ளோ அசடோ அவ்ளோ நிக்கும்.

ஹிந்து எடிட்டோரியல் தினமும் படிக்கச் சொல்றாங்க, ரெண்டு நாள்ல விட்டுடுறேன்.

1878-லேர்ந்து வர்ற பேப்பர், நம்ம தாத்தா காலத்துலேர்ந்து எல்லா அப்பாக்களும் சொல்ற அட்வைஸ், தப்பே இல்ல. ஆனா நிதிக் கொள்கை பத்தி தமிழ்ல எழுதுனாலே நமக்குத் தலை சுத்தும், அதை இங்கிலீஷ்ல படிச்சா விஷயமும் புரியாது மொழியும் புரியாது. விஷயம் தெரிஞ்ச எடத்துலேர்ந்து உள்ள போங்க. கிரிக்கெட் பைத்தியமா, மேட்ச் ரிப்போர்ட் படிங்க, லாக்லஸ்டர், ரெசிலியன்ட், கபிச்சுலேட், ஃப்ளாம்பாயன்ட் எல்லாம் அங்க தண்ணியா ஓடும், மேட்சை நீங்களே பாத்திருக்கிறதால அர்த்தம் தானா விளங்கும். சமையல், கார் ரிவ்யூ, எதுவா இருந்தாலும் சரி. நாவல்னா ஒரு பக்கத்தைத் தொறந்து தெரியாத வார்த்தைய எண்ணுங்க, அஞ்சு ஆறு இருந்தா உங்களுக்கான புக், பதினஞ்சு தாண்டுனா அலமாரிலயே வைங்க, அடுத்த வருஷம் பாக்கலாம். படிக்கும்போது எல்லாத்தையும் தேடாதீங்க, ஒரே வார்த்தை ரெண்டாவது தடவை வந்து மறிச்சா மட்டும் தேடுங்க.

சீரிஸ் பாத்தா வொகாபுலரி வளருமா?

பேச்சு மொழி வளரும், புட் அப் வித், கெட் அவே வித் மாதிரி சின்னச் சின்ன சேர்க்கை எல்லாம் அங்கதான் பிடிபடும், அதுவும் அட்வான்ஸ்டுதான், யாரும் மதிக்கிறதில்ல. எழுத்து மொழிக்குப் படிச்சே ஆகணும். சப்டைட்டில் இங்கிலீஷ்லயே வைங்க.

எக்ஸாமுக்குப் படிக்கிறேன், வித்தியாசமா எதாவது செய்யணுமா?

எந்த எக்ஸாம்ங்கிறதைப் பொறுத்தது. ஜிஆர்ஈல 2011-லயே எதிர்ச்சொல், அனாலஜி கேள்விங்கள தூக்கிட்டாங்க, இப்போ வாக்கியத்துக்குள்ள கோடிட்ட எடம்தான், மூணு கோடு இருந்தா மூணும் சரியா இருந்தாதான் மார்க். ஐஈஎல்டிஎஸ்ல ஸ்பீக்கிங், ரைட்டிங் ரெண்டுலயும் வொகாபுலரிக்கு கால்வாசி மார்க், ஆனா பேண்ட் 7-க்கு அவங்க கேக்குறது அவ்வளவா பொழங்காத வார்த்தைய சேர்மானம் தெரிஞ்சு போடத் தெரியுதாங்கிறதைத்தான், சும்மா ப்ளெதோரா ப்ளெதோரான்னு எல்லாக் கட்டுரையிலயும் போட்டா ஒண்ணும் தேறாது. எம்பிஏ சேர எழுதுற கேட்ல (CAT) நேரடி சினனிம் கேள்வி கெடையாது, படிச்சுப் புரியறதுதான். எஸ்எஸ்சி மட்டும் இன்னும் பழைய ரூட்டு, ஒன் வேர்ட் சப்ஸ்டிட்யூஷன், இடியம், சினனிம் நேரா கேப்பாங்க, அதுக்கு பழைய கொஸ்டின் பேப்பரை உருட்டறதே சிறந்த வழி. மேல சொன்னதுக்கு முரணா இருக்கேன்னா, ஆமா, அது வேற வெளையாட்டு.

ஏஐகிட்ட கேட்டுக் கத்துக்கலாமா?

கேளுங்க, ஆனா எழுதிக் குடுன்னு கேக்காதீங்க. நீங்க எழுதுன வாக்கியத்தைப் போட்டு, இந்த வார்த்தை இங்க ஒட்டுதா, எடுபடலன்னா ஏன்னு கேளுங்க. சந்தேகமா இருந்தா டிக்ஷனரில ஒரு எட்டு பாத்துடுங்க.

டூ தி நீட்ஃபுல், ப்ரீபோன் இதெல்லாம் தப்பா?

ப்ரீபோன் ஆக்ஸ்ஃபோர்டு டிக்ஷனரிக்குள்ளயே போயாச்சு, நம்ம ஊருக்குள்ள தாராளமா சொல்லுங்க. டூ தி நீட்ஃபுல் வெள்ளைக்காரன் ஆபீஸ்ல வெச்சுட்டுப் போன பழைய சாமான், அவனே தூக்கிப் போட்டுட்டான், நாம தொடச்சு வெச்சிருக்கோம். வெளிநாட்டு கிளையன்ட்டுக்கு எழுதறப்போ என்ன வேணுமோ அதை நேரா எழுதுங்க. ரிவர்ட் பேக் வேணாம், ரிப்ளை போதும்.

எவ்ளோ நாள் ஆகும்?

ஒரு நாளைக்கு அஞ்சு வார்த்தைன்னா வருஷத்துக்கு 1,800 சொச்சம். அதுல கொஞ்சம் ஒழுகும். 3,000 குடும்பம் தெரிஞ்சவரு 9,000-த்தைத் தொட மூணு, நாலு வருஷம். 30 நாள்ல 3,000 வார்த்தைன்னு போர்டு போட்டிருந்தா ஃபீஸ் கட்டாம வந்துடுங்க.

உச்சரிப்பு முக்கியமா? அர்த்தம் தெரிஞ்சா போதாதா?

படிச்சே கத்துக்கிறவங்களுக்கு இதுதான் பெரிய ஓட்டை. நாம எல்லா அசையையும் ஒரே அழுத்தத்துல சொல்லிடுவோம், இங்கிலீஷ்ல அழுத்தம் எடம் மாறும். ஃபோட்டோகிராஃப்னா முதல் அசைல அழுத்தம், ஃபோட்டாகிராஃபின்னா ரெண்டாவது அசைல, ஃபோட்டோகிராஃபிக்னா மூணாவதுல. ஒரே குடும்பம், மூணு தாளம். அழுத்தம் மாறுனா எதிர்ல இருக்கிறவருக்கு வார்த்தையே பிடிபடாது, நீங்க எவ்ளோ சரியான வார்த்தை போட்டாலும் பார்டன்னு கேப்பாரு, நாம நம்ம வொகாபுலரிதான் மோசம்னு நெனச்சுக்குவோம். டிக்ஷனரில ஸ்பீக்கர் படம் இருக்கும், கார்டு போடுறதுக்கு முன்னாடி ரெண்டு தடவை அமுக்கிக் கேட்டு, சத்தமா சொல்லிட்டு அப்புறம் போடுங்க. பஸ்ல இருந்தா மனசுக்குள்ள சொல்லிக்குங்க, பக்கத்து சீட்டு ஆளு பயந்துடப் போறாரு.